மெல்லப் பேசுகிறவள்

ஜூன் 3, செவ்வாய்

மதுரை நரம்பு டாக்டர் சொல்லித்தான் இதை எழுத ஆரம்பிக்கிறேன். அவருக்கு என் மகள் வயதுகூட இருக்காது. "என்னைக்கு வலிக்குது, எவ்வளவு வலிக்குது, என்ன மாத்திரை போட்டீங்க, அன்னைக்கு வீட்டுல என்ன நடந்துச்சு, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்கம்மா. வலிக்குப் பத்துக்கு எத்தனைன்னு மார்க்கும் போடுங்க" என்றார். யாரிடம் சொல்கிறார்! திண்டுக்கல்லில் பெண்கள் பள்ளியில் முப்பத்தாறு வருஷம் கணக்கு டீச்சராக இருந்து மார்க் போட்டவள் நான். என் கையிலிருந்து பத்துக்குப் பத்து அவ்வளவு சுலபமாக வராது.

பெயர் சுலோசனா. வயது அறுபத்தேழு. தலைவலிக்கு வயது நாற்பத்தொன்று. பிள்ளை பெற்றால் போய்விடும் என்றார்கள். மாதவிலக்கு நின்றால் போய்விடும் என்றார்கள். நின்று பதினாறு வருஷம் ஆயிற்று. ரிட்டயர் ஆனால் போய்விடும் என்றார்கள். ரிட்டயர் ஆனபிறகுதான் மாதத்துக்கு நாலு நாள் வந்தது பதினெட்டு நாளாக ஆனது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற மாத்திரை, வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரை, மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை, எனக்கு அந்த வியாதி எதுவும் கிடையாது, மாத்திரைகளை மட்டும் வரிசையாகத் தின்று முடித்தேன். தலையைச் சுற்றி முப்பத்தொரு ஊசி போட்டார்கள். சுக்குப் பற்று, நொச்சி ஆவி, யாரோ சொன்னார்கள் என்று உச்சந்தலையில் களிமண், எதையும் விடவில்லை.

இன்று வலி 6. மாத்திரை ஒன்று.

ஜூன் 5, வியாழன்

வீட்டைப் பற்றி எழுதச் சொன்னாரே, எழுதுகிறேன்.

இருப்பது நானும் என் வீட்டுக்காரரும்தான். வீரபத்திரன், எழுபத்திரண்டு வயது, அரசு பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். அந்தக் காலத்தில் பஸ் ஸ்டாண்டின் இந்தக் கோடியிலிருந்து "வத்தலக்குண்டு வண்டிய எடுய்யா" என்று கத்தினால் அந்தக் கோடியில் டிரைவர் டீயைக் கீழே வைத்துவிடுவான். இப்போது அவர் குரலைக் கேட்பதே அபூர்வம்.

இந்த வீட்டில் ஒரே சட்டம்தான். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தால் சத்தம் கூடாது, கூப்பிடக் கூடாது, தட்டக் கூடாது. குக்கர் பரணுக்குப் போய் ஐந்து வருஷம் ஆகிறது, சோறு வடிப்பதுதான். சமையல் அவர். தாளிக்கிற நெடி எனக்கு ஆகாது என்பதால் கொல்லையில் ஒற்றை அடுப்பு வைத்து அங்கே தாளித்து எடுத்து வருவார். வாசல் மணியின் வயரைப் பிடுங்கிவிட்டோம். டிவியில் கிரிக்கெட்டைச் சத்தமில்லாமல்தான் பார்ப்பார். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்கிறது. சொல்லட்டும், எனக்கும் தெரியும்.

வலி 4. மாத்திரை இல்லை.

ஜூன் 9, திங்கள்

8. எழுத்து ஆடுகிறது. நாளை எழுதலாம்.

ஜூன் 12, வியாழன்

ஆத்திரத்தோடு எழுதுகிறேன். காலை பத்து மணிக்கு இடது பக்கம் ஆரம்பித்தது, கதவைச் சாத்திப் படுத்துவிட்டேன். மோட்டார் போட்டிருந்தார். தொட்டி நிரம்பி மாடியிலிருந்து தகரத்தின் மேல் தண்ணீர் கொட்டுகிறது. ஒவ்வொரு சொட்டும் மண்டைக்குள் ஆணி அடிக்கிற மாதிரி. நிறுத்துவார், நிறுத்துவார் என்று பார்க்கிறேன், நிறுத்தவே இல்லை. கண்ணைக் கட்டிய துண்டோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நானே எழுந்து வெளியே வந்தேன். மனுஷன் ஜன்னலோரம் உட்கார்ந்து நிதானமாகப் பேப்பர் படிக்கிறார்! தலைக்கு மேலே அருவி மாதிரி கொட்டுகிறது!

"ஏங்க, உங்களுக்கே நல்லா இருக்கா?" என்றேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் வெந்நீர் கொண்டு வந்தார். மோட்டாரை நான்தான் நிறுத்தினேன். வெந்நீரை வாங்கவில்லை.

வலி 9. மாத்திரை ஒன்று.

ஜூன் 17, செவ்வாய்

டாக்டர் வாரத்துக்கு இரண்டு மாத்திரைக்கு மேல் கூடாது என்றிருக்கிறார். அதற்கு மேல் போட்டால் மாத்திரையே வலியைக் கொண்டுவருமாம். இந்த வாரம் சரியாக இரண்டுதான்.

அவர் மாறிவிட்டார். முன்பெல்லாம் நான் ஏதாவது சொன்னால் திருப்பி ஒன்று சொல்வார், கிண்டலாவது பண்ணுவார். இப்போது எதற்கெடுத்தாலும் "சரி சரி" என்று தலையாட்டல். நேற்று மத்தியானம் வலி கொஞ்சம் விட்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, நாம் போன வருஷம் பழனிக்குப் போகாமல் விட்டோமே, இந்த வருஷமாவது போவோமா என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். மறுபடி கேட்டேன். திரும்பி, சிரித்து, "சரி சரி" என்றார். எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

நாற்பத்துநாலு வருஷம். எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனுஷன் இருட்டறைக்குக் காவல் இருப்பான்? சலித்துப்போயிருக்கும். சலிக்கட்டும். வாய்விட்டுச் சொல்லித் தொலைக்கலாமே.

வலி 5.

ஜூன் 24, செவ்வாய்

கோயம்புத்தூரிலிருந்து மகள் ஹேமா போன் பண்ணினாள். "அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு? எத்தன தடவ அடிச்சாலும் எடுக்க மாட்டேங்குறாரு. எடுத்தாலும் 'அம்மா தூங்குறா, அப்புறம் பேசு'ன்னு வச்சிடுறாரு." என்னால்தான் என்று நினைக்கிறாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வலி 7. மாத்திரை ஒன்று.

ஜூலை 2, புதன்

மானம் போயிற்று.

காலையில் பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி அழுதுகொண்டே வாசலுக்கு வந்தாள். நான் உள்ளே படுத்திருந்தேன், ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது. "அண்ணே, எங்க அத்தை விடியக்கால போயிட்டாங்கண்ணே." இவர் சிரித்த முகமாக, "சந்தோஷம்மா, ரொம்ப நல்லது. போயிட்டு வாங்க" என்கிறார்! அவள் அப்படியே நின்றாள். நான் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி அவள் கையைப் பிடித்தேன். என் பின்னால் இவர் என்ன ஏது என்று புரியாமல், சிரிப்பை முகத்திலிருந்து எடுக்கவும் தெரியாமல் நிற்கிறார்.

துட்டி வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் பார்த்தார்கள்.

பெரிய பயமாக இருக்கிறது. மறதி வியாதியின் ஆரம்பமோ? ஹேமாவுக்குச் சொல்லிவிட்டேன். அவர் இறந்துபோன அந்த அம்மாளின் காலடியில் மாலையை வைத்துவிட்டு ரொம்ப நேரம் கும்பிட்டபடி நின்றார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

வலி 9. மாத்திரை ஒன்று. இல்லை, இரண்டு. போன வாரம் ஒன்று என்று எழுதியதும் இரண்டுதான்.

ஜூலை 8, செவ்வாய்

கொஞ்சம் பெரிதாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ஹேமா சனிக்கிழமையே வந்துவிட்டாள். ஞாபகத்துக்குப் பரிசோதனை செய்த டாக்டர் பத்து நிமிஷத்தில் பேனாவைக் கீழே வைத்து, "இவருக்கு மூளை நல்லாத்தான் இருக்கு. நான் கேக்குறதுதான் இவருக்குக் கேக்கல. காதைப் பாருங்க" என்றார். இன்று காது சோதனை. நானும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனேன். கண்ணாடி அறைக்குள் இவரை உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். வெளியே அந்தப் பெண் பொத்தானை அழுத்திக்கொண்டே போகிறாள். அவர் கை மடியிலேயே இருக்கிறது. நல்ல பிள்ளை மாதிரி காத்துக்கொண்டிருக்கிறார், எப்போது சத்தம் வரும் என்று.

ரொம்ப நேரம் கழித்துக் கையைத் தூக்கினார். அப்போது வெளியில் நின்ற எனக்கே அந்தச் சத்தம் கேட்டது.

"அஞ்சாறு வருஷமா கொறஞ்சுக்கிட்டே வந்திருக்கும். வீட்டுல யாருமே கவனிக்கலையா?" என்றாள் அந்தப் பெண். கேட்கிற தொனியிலேயே அவள் எங்களை என்னவென்று நினைக்கிறாள் என்று தெரிந்தது. ஹேமா என்னைப் பார்த்தாள்.

பிறகு அந்தப் பெண் அவர் காதருகே குனிந்து உரக்கக் கேட்டாள். "ஐயா, உங்களுக்கே தெரியலையா? வீட்டுல பேசுறது கேக்கலைன்னு?"

அவர் என்னைக் காட்டினார். "இவளுக்கு மண்டவலிம்மா. சத்தமாப் பேசுனா இவளுக்கே தாங்காது. அதான் மெல்லப் பேசுறா, வரவர ரொம்ப மெல்லப் பேசுறான்னு நெனச்சேன். பாவம், திரும்பத் திரும்பப் பேச வச்சு ஏன் நோகடிக்கணும்னு சரி சரின்னுட்டேன்."

அப்புறம் டிவி? அதில் சத்தம் கிடையாது. மணி? வயர் இல்லை. குக்கர்? பரணில். இந்த வீட்டில் அவருக்குக் கேட்பதற்கு ஒன்றையும் நான் விட்டுவைக்கவில்லை. செவிடாவதற்கு இதைவிடத் தோதான வீடு ஊரில் கிடைக்காது. நானும் வாயைத் திறக்காமல் இருக்கிறாரே, என் மேல் எவ்வளவு கரிசனம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். கணக்கு டீச்சராம்!

வரும் வழியில் பஸ் ஹாரன் எல்லாம் அவர் காதைத் தாண்டி என் மண்டைக்குள்தான் இறங்கியது. 10 போடலாம். போடமாட்டேன். 9.

ஜூலை 9, புதன்

பழனி பற்றிக் கேட்டேனே, அது அவருக்குக் கேட்கவே இல்லை.

ஜூலை 19, சனி

காது மிஷின் வந்துவிட்டது. இரண்டு காதுக்கும். அந்தப் பெண் தெளிவாகச் சொல்லிவிட்டாள். மிஷின் சத்தத்தைக் கொடுக்கும், சத்தத்தை வார்த்தையாகப் பிரிக்க மூளைக்கு மறந்துபோயிருக்கிறது. தினமும் இரண்டு மணி நேரமாவது யாராவது எதிரே உட்கார்ந்து தெளிவாக, உரக்கப் பேச வேண்டும், படித்துக் காட்ட வேண்டும். விட்டால் இருப்பதும் போகும். பிறகு எந்த மிஷினும் உதவாது.

ஹேமா முகத்துக்கு நேரே கேட்டாள். "உன்னால முடியுமாம்மா?"

"ஏன் முடியாது? முப்பத்தாறு வருஷம் கத்தினவதான்."

"ஆகஸ்ட் பதினஞ்சு லீவுக்கு வருவேன். அப்பாவுக்கு நான் பேசுறது புரியணும். புரியலைன்னா நான் கூட்டிட்டுப் போயிடுவேன். பசங்க ரெண்டு பேரும் நாள் முழுக்க கத்திக்கிட்டுத்தான் இருப்பானுங்க, அவருக்கு அதுதான் மருந்து."

அவள் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் வீடு மெயின் ரோட்டில், கீழே ஒர்க்‌ஷாப். அங்கே நான் ஒருமுறை பதினோரு நாள் இருந்தேன், பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் ட்ரிப் ஏற்றினார்கள். போனால் அவர் மட்டும்தான் போகலாம்.

அவர் மிஷினை மாட்டிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினார். ஃபேனைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். பேப்பரைப் புரட்டிப் பயந்தார். தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டு, "நான் இப்படியா நடக்குறேன்? ஏன்டி சொல்லல?" என்றார். பழைய பஸ் ஸ்டாண்டு குரல். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது, கூடவே வலது கண்ணுக்கு மேலே அதுவும் வந்தது.

வலி 7. மாத்திரை இரண்டு.

ஜூலை 22, செவ்வாய்

நாற்பது நிமிஷம் பேப்பர் படித்துக் காட்டினேன். வலி 8.

ஜூலை 23, புதன்

இருபத்தைந்து நிமிஷம். தலையங்கத்தின் நடுவில் வாந்தி. அவர் ஈரத்துணி கொண்டு வந்தார். மீதியைத் தானே உரக்கப் படித்து, எனக்கு வேலை மிச்சம் பண்ணுகிறாராம். அந்தக் குரலில்! கும்பிட்டு நிறுத்தச் சொன்னேன். முகம் சுண்டிப்போயிற்று.

ஜூலை 25, வெள்ளி

படிக்கவில்லை. மாத்திரை மூன்று. டாக்டர் என்னை என்ன வேண்டுமானாலும் திட்டட்டும்.

ஜூலை 28, திங்கள்

இன்று நடந்ததை எழுதாமல் விட்டால் நல்லது. எழுதுகிறேன்.

மத்தியானம் ஒரு மணிக்குக் கதவைச் சாத்தினேன். வழக்கம்போல. வலி உச்சத்துக்குப் போகும்போது நான் என்ன செய்வேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. முனகுவேன் போலிருக்கிறது. சில சமயம் சுவரில் தலையை முட்டிக்கொண்டு "அம்மா, அம்மா" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். வீடுதான் காலியாக இருப்பதுபோல் இருக்குமே, யாருக்குக் கேட்கப் போகிறது என்ற எண்ணம்.

கதவு திறந்தது. இத்தனை வருஷத்தில் முதல்தடவை. காதில் மிஷினோடு நிற்கிறார். முகம் வெளுத்திருக்கிறது.

"யாரு கத்துறதுன்னு வீடு பூராத் தேடுனேன் சுலோ. நீயா?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கதவச் சாத்துனா நீ தூங்குறேன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன். நல்லாத் தூங்கட்டும், எந்திரிச்சா சரியாயிடும்னு... அப்ப தெனமும் இப்படித்தானா? இத்தன வருஷமா?"

தரையில் உட்கார்ந்து அழுதார். எழுபத்திரண்டு வயது மனுஷன், குலுங்கிக் குலுங்கி. அந்தச் சத்தமும் என் தலைக்கு ஆகவில்லை. இதைவிடக் கேவலம் உண்டா? என் புருஷன் எனக்காக அழுகிறார், எனக்கு எப்போது நிறுத்துவார் என்று இருக்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வாயில் துண்டை வைத்துக் கடித்துக்கொண்டு படுக்கிறேன். அவருக்குக் கேட்கக் கூடாது. அடக்கினால் வலி இன்னும் மேலே ஏறுகிறது. 9, 9, 8, 9.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று மிஷின் அவர் காதில் இல்லை. ஏன் என்று கையால் கேட்டேன்.

"வேணாம். அத மாட்டிக்கிட்டு வாசப்பக்கம் உக்காந்தாலும் உன் ரூமத்தான் காது கேட்டுக்கிட்டே இருக்கு. நீ துணியக் கடிக்கிறதும் தெரியுது. என்னால முடியல. நீயும் பேசிப் பேசிச் சாக வேணாம். நமக்குள்ள பேச இனிமே என்ன இருக்கு? சாப்பிட்டியா, படுத்தியா, அவ்வளவுதான். அதுக்கு முகத்தப் பாத்தா போதும்."

போட்டே ஆகவேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டியிருக்கலாம். எழுதவில்லை.

வலி 5. ஒரு மாதமாக இதுதான் நல்ல நாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஹேமா போனில் கேட்டாள். "அப்பா மிஷின் போட்டிருக்காரா?" போட்டிருக்கிறார் என்றேன். "தினமும் படிச்சுக் காட்டுறியா?" படிக்கிறேன் என்றேன். "வெள்ளிக்கிழமை வரேன். பொய்யா இருந்தா அன்னைக்கே அப்பாவக் கார்ல ஏத்திருவேன்."

அவரிடம் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு நோட்டைத் தள்ளினார். "நான் எங்கயும் வரல. உன்ன இந்த ரூம்ல தனியா விட்டுட்டு அங்க பசங்க கத்துறதக் கேட்டுக்கிட்டு உக்காருவேனா?"

ஆகஸ்ட் 13, புதன்

காப்பியடிக்கிற பிள்ளைகளை முப்பத்தாறு வருஷம் பிடித்தவள் நான். எப்படியெல்லாம் அடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாததா? ஹேமா எப்போதும் கேட்பது நாலே கேள்வி. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, தூக்கம் வருதா, கோயம்புத்தூர் வர்றீங்களா. அவள் முதுகுக்குப் பின்னால் நான் நிற்க வேண்டும். வயிற்றைத் தொட்டால் சாப்பாடு. உள்ளங்கையைத் தொட்டால் மாத்திரை. கன்னம் தூக்கம். தாலியைத் தொட்டால் கோயம்புத்தூர், அதற்குப் பதில் மாட்டேன்.

இரண்டு நாளாக ஒத்திகை. முதலில் தூக்கத்துக்குச் சாப்பாட்டுப் பதிலைச் சொன்னார். நான் முறைத்தேன். "டீச்சர், அடிக்காதீங்க டீச்சர்" என்று கையை நீட்டினார். எத்தனை வருஷம் கழித்து இருவரும் சேர்ந்து சிரித்தோம் என்று தெரியவில்லை. சத்தமில்லாமல்தான் சிரித்தோம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஹேமா பதினொரு மணிக்கு வந்தாள். அவர் சட்டையெல்லாம் மாற்றி, இரண்டு காதிலும் மிஷினை மாட்டி, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு வாரமாகப் போடாத மிஷின். அவள் வாயைத் திறந்ததுமே அவர் கண் சுருங்கியது, காதில் ஏதோ இரைச்சல்தான் விழுந்திருக்கும். நான் அவள் பின்னால் வயிற்றைத் தொட்டேன்.

"சாப்பிட்டேன்மா. இட்லி."

உள்ளங்கை. "ராத்திரி மாத்திர, காலை மாத்திர, எல்லாம் கரெக்டாப் போடுறேன்."

கன்னம். "நல்லாத் தூங்குறேன்."

அவள் எழுந்து போய் அவர் பின்னால் நின்றுகொண்டாள். சாமர்த்தியக்காரி, என் பெண்தானே. அங்கிருந்து கேட்டாள். "அப்பா, எங்கூடக் கோயம்புத்தூர் வந்துடுறீங்களா?"

இப்போது அவருக்கு எதிரே இருந்தது நான்தான். ஹேமா அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுத்துக்குக் கொண்டு போனேன். ஒரு நொடி நிறுத்தினேன். வயிற்றைத் தொட்டால் போதும், அவர் "சாப்பிட்டேன்" என்பார், ஹேமா காரில் ஏற்றிவிடுவாள், அங்கே பேரப்பிள்ளைகளோடு அவர் காது பிழைக்கும். அது எனக்குத் தெரிந்துதான் நின்றேன். தெரிந்தேதான் தாலியைத் தொட்டேன்.

"வரலம்மா" என்றார் அவர், கணீரென்று. "உங்கம்மாவும் நானும் இப்பத்தான் நல்லாப் பேசிக்கிட்டு இருக்கோம்."

ஹேமா அவர் தோளில் முகத்தை வைத்து அழுதுவிட்டாள். "பரவாயில்லம்மா, நீ சாதிச்சுட்ட" என்று என் கையைப் பிடித்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிப் போய்விட்டாள்.

கார் தெருவைத் தாண்டியதும் அவர் மிஷின்களைக் கழற்றி என்னிடம் நீட்டினார். முகம் முழுக்கச் சிரிப்பு. இன்னும் பத்து நிமிஷம் போட்டுக்கொண்டு உட்காருங்கள், ஏதாவது பேசலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இடது பக்கம் ஆரம்பித்திருந்தது. இரண்டையும் பெட்டியில் வைத்து மூடி, பீரோவில் வைத்துவிட்டேன். அவர் டிவி முன்னால் போய் உட்கார்ந்தார்.

நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். இப்போது எவ்வளவு முனகினாலும் அவருக்குக் கேட்காது. துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, மனம்விட்டு முனகினேன்.